நாற்பத்திரண்டு கேள்விகளோடு உப்பாற்று இறால் குளங்களுக்கு

போர்நிறுத்தம் வந்து இரண்டாவது ஆவணி மாதம். திருகோணமலைக்குப் போகிறேன் என்று அலுவலகத்தில் சொன்னபோது, கோணேசர் கோயிலுக்கா, நிலாவெளிக் கடலுக்கா, கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கா என்று கேட்டார்கள். மூன்றுக்கும் இல்லை, இறால் பார்க்கப் போகிறேன் என்றதும் ஒருத்தி சத்தமாகவே சிரித்துவிட்டாள். சிரிக்கட்டும். இந்த இரண்டு நாளில் நான் பட்ட சந்தோஷத்தை எந்தச் சுற்றுலாவிலும் பட்டதில்லை.

கொழும்புக்கு வடக்கே, இறாலைப் பதனிட்டு ஏற்றுமதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு என் வேலை. கொஞ்சம் சந்தைக் கதை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்தப் பயணம் ஏன் என்று உங்களுக்கு விளங்காது. முன்பெல்லாம் வெளிநாட்டில் இருந்து இறால் வாங்குகிறவர்கள் மூன்றே கேள்விதான் கேட்பார்கள். என்ன அளவு, என்ன விலை, எப்போது கப்பலேறும். இப்போது தாய்லாந்திலும் சீனாவிலும் வியட்நாமிலும் பிரேசிலிலும் வெள்ளை இறால் மலையாகக் குவிகிறது. எங்கள் கறுப்பு வரி இறாலைவிட அதை நெருக்கமாகவும் மலிவாகவும் வளர்க்கலாம். விலை இறங்கிக்கொண்டே போகிறது. விலையில் அவர்களோடு மோத எங்களால் ஏலாது.

ஆனால் இன்னொன்றும் நடந்திருக்கிறது. சில நாட்டு இறாலில் மருந்தெச்சம் பிடிபட்ட பிறகு ஐரோப்பியச் சுப்பர்மார்க்கெட்டுகள் பயந்துபோயிருக்கின்றன. ஒரு பொதியைத் தூக்கிக் காட்டி, இது எந்தக் குளத்து இறால், என்ன தின்றது, என்ன மருந்து கண்டது, இதற்காக எத்தனை மரம் விழுந்தது என்றெல்லாம் கேட்கிறார்கள். ஆயிரம் குளத்து இறாலை ஒரே தொட்டியில் கொட்டுகிறவர்களுக்கு இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். நாங்கள் சின்ன ஆட்கள், எங்களால் சொல்ல முடியும். எங்கள் கையில் இருக்கும் ஒரே துருப்பு அதுதான்.

இந்த நேரத்தில்தான் கிண்ணியாவில் இருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பரீதா, பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். கணவர் ஜவ்பரும், அவருடைய பழைய கூட்டாளியான கிளிவெட்டி ஊர்த் தங்கராசாவும், சண்டைக் காலத்தில் கைவிட்டுப் போன இரண்டு இறால் குளங்களைத் திரும்ப வெட்டித் துப்புரவாக்கி, குஞ்சு விட்டிருக்கிறார்களாம். ‘உலகத்தில் யாருக்கு என்ன மாதிரி இறால் வேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல ஒருவருமில்லை. நீங்கள் சொல்வீர்களா?’ என்று கேட்டிருந்தார். கூடவே குளத்துக் கொப்பியின் பன்னிரண்டு பக்கங்களைப் படியெடுத்து வைத்திருந்தார். காலையும் மாலையும் நீரின் சூடு, உப்பு, போட்ட தீன், தட்டில் மிஞ்சிய தீன் எல்லாம் மணிமணியான எழுத்தில் இருந்தன.

அந்த வாரம் ஒரு வட ஐரோப்பியச் சுப்பர்மார்க்கெட்டுக்குக் கடலுணவு தெரிவு செய்யும் இங்க்ரிட் என்ற பெண் எங்கள் தொழிற்சாலைக்கு வந்திருந்தார். படிகளைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னேன். அவர் தன் நாட்குறிப்பைப் புரட்டி, “எனக்கு இரண்டு நாள் இருக்கிறது. போவோமா?” என்றார். அன்றிரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை.

வத்தளையில் இருந்து காலை நாலரைக்கு வாடகை வான் ஒன்றில் புறப்பட்டோம். இரண்டு நாளுக்கு வான் கூலி எட்டாயிரத்து ஐந்நூறு ரூபா, டீசல் உட்பட. குருநாகலில் ஆறே முக்கால். தம்புள்ளையில் எட்டேகாலுக்குப் பாணும் பருப்பும் சம்பலும் தேநீரும். மூன்று பேருக்கு நூற்றி எழுபது ரூபா. வழியில் இங்க்ரிட் தன் சந்தையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர்களுடைய ஊரில் இறாலைத் தலையோடு கண்டால் பாதிப் பேர் வாங்க மாட்டார்களாம். உரித்து, குடலெடுத்து, வால் மட்டும் விட்டு, ஒரே அளவாக அடுக்கியிருக்க வேண்டுமாம். அதைத் தமிழில் சொன்னேன்.

எங்கள் சாரதி அந்தோனி நீர்கொழும்புக்காரர். கண்ணாடியில் என்னைப் பார்த்து, “தலையை என்ன செய்வாங்களாம், மிஸ்?” என்றார்.

“எறிஞ்சிடுவாங்களாம்.”

“அப்ப குழம்பு?”

இங்க்ரிட்டிடம் கேட்டேன். குழம்பு வைப்பதில்லையாம். அந்தோனி அதன் பிறகு ஹபரணை வரைக்கும் ஒன்றும் பேசவில்லை.

ஹபரணையில் இருந்து திருகோணமலைக்கு எண்பத்தைந்து கிலோமீற்றர் அளவு வரும். முன்பு இந்த வீதியில் நாலு இடத்தில் சோதனைக்காகப் பையோடு இறங்கி நடக்க வேண்டும். இந்த முறை இரண்டே இடம்; ஓரிடத்தில் அடையாள அட்டை பார்த்தார்கள், மற்றதில் கையை ஆட்டிப் போகச் சொன்னார்கள். கந்தளாயில் ஒரு சட்டி எருமைத் தயிர் எழுபது ரூபாவுக்கு வாங்கினோம். பதினொன்றே முக்காலுக்கு உள்துறைமுக வீதியில் வானை நிறுத்தி இறங்கியபோது, இங்க்ரிட் வாயைத் திறந்தபடி நின்றார். மலைகளுக்கு நடுவே அவ்வளவு தண்ணீர், அவ்வளவு அமைதியாக. “இங்கே இருந்து கப்பலேற்ற முடியாதா?” என்று உடனே கேட்டார். கடற்படையிடம்தான் கேட்க வேண்டும் என்றேன்.

பின்னேரம் ஐஸ் தொழிற்சாலைக்குப் போனோம். இறாலுக்குத் தரம் என்றால் பாதி ஐஸ்தான். எந்தத் தண்ணீரில் ஐஸ் செய்கிறீர்கள் என்று கேட்டதும், உரிமையாளர் ஒரு துண்டை உடைத்துக் கிளாஸில் போட்டு, உருகும் வரை எங்களைக் காக்க வைத்து, எங்கள் முன்னாலேயே குடித்துக் காட்டினார். இங்க்ரிட் அதைப் படிவத்தில் எழுதிவிட்டு, தண்ணீர் மாதிரியும் ஒரு போத்தல் கேட்டு வாங்கினார். இரவு உப்புவெளியில் தங்கினோம். அறை ஆயிரத்து இருநூறு ரூபா; மின்விசிறி உண்டு, நுளம்பு வலையும் உண்டு.

மறுநாள் ஐந்தேகாலுக்குப் புறப்பட்டோம். இரவோடு இரவாக வந்து சேர்ந்திருந்த எங்கள் குளிர்சாதன லொறியும் பின்னால் வந்தது. சீனன்குடா வழியாகப் பதினெட்டு கிலோமீற்றரில் கிண்ணியாத் துறை. அங்கே பாலம் இல்லை. வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான மிதவைதான், ‘பாதை’ என்பார்கள். குளிர்சாதன லொறி பாரம் என்று ஏற்ற மறுத்துவிட்டார்கள். அதை இந்தக் கரையிலேயே நிறுத்திவிட்டு வானோடு மட்டும் கடந்தோம். கால் மணி நேரம் எடுத்தது. எங்களிடம் கட்டணம் கேட்கவில்லை. அக்கரையில் இருந்து ஏழு கிலோமீற்றர் மண் வீதி. ஆறு ஐம்பதுக்கு உப்பாற்றுப் பக்கம் குளத்தங்கரையில் நின்றோம்.

ஜவ்பர் நானா உயரமாக, வாய் ஓயாமல் பேசுகிறவர். தங்கராசா அண்ணை குள்ளமாக, கேட்டால் மட்டும் பேசுகிறவர். சண்டை இறுகியிருந்த காலத்தில் பன்னிரண்டு வருடம் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லையாம்.

“ரோட்டுத் திறந்த கிழமை இவர் சைக்கிள்ல வந்து நிக்கிறார்,” என்றார் ஜவ்பர் நானா. “வந்த மனுசன் சுகம் கேக்கல்ல. குளம் கிடக்கா எண்டுதான் கேட்டவர்.”

“குளத்தைத்தானே பாக்க வந்தனான்,” என்றார் தங்கராசா அண்ணை.

கிழக்குக் குளம், மேற்குக் குளம் என்று இரண்டு. தீன் தட்டைத் தூக்கிக் காட்டினார்கள். கறுப்பு வரி போட்ட இறால்கள் துள்ளிய துள்ளலில் என் மூக்குக்கண்ணாடி நனைந்தது. கிலோவுக்கு முப்பது நிற்கும். ஓடு கடினம், மீசை முறியவில்லை, வால் சுத்தம். எட்டு வருட வேலையில் நான் பார்த்த மிக அழகான இறால்களில் அவையும் சேர்த்தி.

கொட்டிலுக்குள் கதிரை போட்டு, பரீதா டீச்சர் தேநீர் தந்தார். இங்க்ரிட்டிடம் நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம் இருந்தது. நான் மொழிபெயர்த்தேன். குஞ்சு எங்கே வாங்கினது? தீனில் என்ன சேர்மானம்? வேலையாட்களின் வயது? கழிவு நீர் எங்கே போகிறது? எல்லாவற்றுக்கும் கொப்பியில் பதில் இருந்தது. பதினேழாவது கேள்வி, குளத்துக்காகக் கரைச்சேற்றில் வளரும் கண்டல் மரம் வெட்டினீர்களா என்பது.

“நாங்கள் ஒரு மரமும் வெட்டேல்லை,” என்றார் தங்கராசா அண்ணை. “அந்தக் கரையில முழுக்கக் கண்டல்தான் நிண்டது. காவலரணுக்கு மறைக்குது எண்டு வெட்டினவங்கள். இப்ப நாங்கள்தான் விதை ஊண்டுறம். அங்க பாருங்கோ.”

முழங்கால் உயரத்தில் ஒரு நூறு கன்றுகள் சேற்றில் நின்றன. இங்க்ரிட் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆம் என்றும் இல்லை என்றும் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. கடைசியில் ஓரத்தில் சின்ன எழுத்தில் நீளமாக எதையோ எழுதினார்.

பிறகு மருந்து பற்றிய கேள்வி வந்தது. கொப்பியை நான் பக்கம் பக்கமாக வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் என் கண் குத்திட்டு நின்றது. ‘மேற்குக் குளம். இறால் கரைக்கு ஒதுங்குகிறது, தீன் எடுக்கவில்லை. கடையில் தந்த வெள்ளைத் தூள் ஒரு பைக்கற் போடப்பட்டது. பெயர் இல்லை.’ திகதியைப் பார்த்தேன். மூன்று கிழமைதான் ஆகியிருந்தது.

பெயரில்லாத வெள்ளைத் தூள் என்றால் எங்கள் தொழிலில் ஒன்றைத்தான் நினைப்போம்: தடைசெய்யப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லி. அந்த மருந்தின் ஒரு துளி ஐரோப்பாவில் பிடிபட்டால் கொள்கலன் முழுவதையும் எரிப்பார்கள்; அனுப்பியவரின் பெயரும் கெடும். இங்க்ரிட்டுக்குத் தமிழ் தெரியாது. அங்கே தமிழும் ஆங்கிலமும் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். அந்த இறால்களின் துள்ளல் கண்ணுக்குள் நின்றது. மறைக்காமல் எழுதுகிறேன்: என் விரல் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டது.

“மிஸ், ஒரு பக்கம் விட்டுட்டீங்க,” என்றார் பரீதா டீச்சர்.

ஜவ்பர் நானா தலையைக் குனிந்தார். “விடு பரீதா. அவங்க பாக்காமப் போனா போகட்டும்.”

“போக ஏலாது. நீங்க போட்டுட்டு வந்து சொன்னீங்க, நான் எழுதினேன். எழுதினத வாசிக்காம விடுறதுக்கா கொப்பி?” டீச்சர் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. “வாசிங்க மிஸ்.”

காது சுட்டது. பக்கத்தைத் திருப்பி வாசித்தேன். நான் தாண்டிப் போனதையும் சேர்த்தே இங்க்ரிட்டிடம் சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, கொப்பியை வாங்கி அந்தப் பக்கத்தின் திகதியைப் பார்த்தார். பிறகு, மேற்குக் குளத்தை இன்றைக்குத் தொட முடியாது, மாதிரி மட்டும் எடுப்போம் என்றார். அந்தப் பைக்கற்றில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். டீச்சர் அதையும் ஒரு போத்தலில் போட்டு, திகதி எழுதி வைத்திருந்தார்! போத்தலைக் கையில் வாங்கிக்கொண்டு இங்க்ரிட் சொன்னதை அப்படியே தருகிறேன்: “நான் பார்த்த பண்ணைக் கொப்பிகளில் எல்லாம் எல்லா நாளும் நல்ல நாளாக இருக்கும். அவற்றை நான் நம்பியதே இல்லை. கிழக்குக் குளத்தைப் பிடியுங்கள்.”

எட்டரைக்கு மதகைத் திறந்தார்கள். வாயில் கட்டிய வலைப்பைக்குள் இறால் மழைபோலக் கொட்டியது. பிடித்த கையோடு ஐஸ் தண்ணீருக்குள் போட்டோம். நானும் சேற்றில் இறங்கிவிட்டேன். இங்க்ரிட்டும் இறங்கி, ஒரு செருப்பைத் தொலைத்தார். வெப்பம் புகாத ரெஜிபோம் பெட்டிகள் பதினாறு, இருநூற்றுத் தொண்ணூறு கிலோ. கடைசி இறால் குளத்தை விட்டபோது பத்து மணி ஐந்து நிமிடம். சுப்பர்மார்க்கெட்டின் விதி, அதில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் குளிர்சாதன லொறிக்குள் இருக்க வேண்டும். இறாலின் சூடு நாலு பாகையைத் தாண்டக் கூடாது.

பெட்டிகளைச் சின்ன லொறி ஒன்றில் ஏற்றிக்கொண்டு பத்தே முக்காலுக்குத் துறைக்கு வந்தால், பாதை அக்கரையில் நிற்கிறது. இராணுவ வாகனத் தொடர் வருகிறதாம், அது கடக்கும் வரைக்கும் வேறு ஒன்றும் ஏற்ற மாட்டார்களாம். எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒன்றரை மணியும் ஆகலாம் இரண்டு மணியும் ஆகலாம் என்றார்கள். வெயில் கொளுத்தியது. அக்கரையில் எங்கள் வெள்ளை லொறி கண்ணுக்குத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தங்கராசா அண்ணை தண்ணீர் ஓரமாக நடந்தார். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர்களிடம் ஏதோ சொன்னார். பின்னாலேயே ஓடிய ஜவ்பர் நானா அதையே பத்து மடங்கு சத்தமாகச் சொன்னார். “வெளிநாட்டுக்குப் போற கிண்ணியா இறாலுடா! வெயில்ல கிடக்கு!” மூன்று வள்ளங்கள் வந்தன. பத்துப் பன்னிரண்டு பேர் கைமாற்றிக் கைமாற்றிப் பெட்டிகளை வள்ளங்களுக்குள் இறக்கினார்கள். அக்கரையை அடைந்ததும், அங்கே காவலரணில் நின்ற சிப்பாய் கையைக் காட்டி மறித்தார். ஒரு பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தோம். ஐஸுக்குள் கையை விட்டு ஓர் இறாலைத் தூக்கி, “இஸ்ஸோ!” என்று சிங்களத்தில் பெயர் சொல்லிச் சிரித்தார். திரும்ப வைத்து, மூடியைத் தானே அழுத்தி மூடிவிட்டார். மற்றப் பதினைந்தையும் திறக்கவில்லை. அந்த மனிதருக்கு எங்கிருந்தாலும் நல்ல சுகம் கிடைக்கட்டும்.

கடைசிப் பெட்டி லொறிக்குள் ஏறியபோது பதினொன்று நாற்பத்தைந்து. இங்க்ரிட் ஒற்றைச் செருப்போடு உள்ளே ஏறி, சிப்பாய் திறந்த பெட்டியிலேயே வெப்பமானியைக் குத்தினார். இரண்டரைப் பாகை! நான் கத்திய கத்தல் அக்கரையில் வானோடு நின்ற அந்தோனிக்கும் கேட்டிருக்கும்.

எங்களோடு வள்ளத்தில் வந்த பரீதா டீச்சர் புறப்படும்போது இங்க்ரிட்டை நிறுத்தினார். எனக்காகக் காத்திருக்காமல் தன் பாடசாலை ஆங்கிலத்திலேயே மெதுவாகக் கேட்டார்: நீங்கள் எங்களிடம் நாற்பத்திரண்டு கேள்வி கேட்டீர்கள், நான் ஒன்று கேட்கலாமா? அடுத்த வருடமும் வாங்குவீர்களா?

இங்க்ரிட்டின் முகம் சிவந்தது. தெரியாது என்றார். இந்த இரண்டு குளத்து இறால் தன் கடைகளுக்கு ஒரு நாளுக்கும் காணாது, தன் மேலாளர்கள் மாதம் ஒரு விலை பார்க்கிறவர்கள், ஆனால் கேட்டுச் சொல்கிறேன் என்றார். டீச்சர் தலையசைத்தார். அன்று ஆங்கிலத்தில் கேட்ட டீச்சர், நான் பக்கத்தைத் தாண்டியபோது எங்கள் ஆங்கிலத்தை எவ்வளவு விளங்கிக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்து வெட்கப்பட்டேன்.

ஆய்வுகூட முடிவு மூன்று கிழமையில் வந்தது. கிழக்குக் குளம் சுத்தம். மேற்குக் குளமும் சுத்தம்! போத்தலில் இருந்த வெள்ளைத் தூள் குளுக்கோசும் மாவும். இறால் ஒதுங்கியது அன்றைய வெப்பத்துக்குத்தானாம். கிண்ணியாவில் தொலைபேசிக் கடைக்கு எடுத்து, ஆளனுப்பி ஜவ்பர் நானாவைக் கூப்பிடச் சொன்னேன்.

“நூத்தி எம்பது ரூபா, மிஸ்! குளுக்கோசா?” என்று கத்தினார். “அந்தக் கடக்காரன் என்னக் கள்ளனாக்கப் பாத்தானே!” பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வைகாசியில் இருந்து புரட்டாதி வரைதான் போக நல்ல காலம். மாரி தொடங்கினால் மண் வீதி சேறு. அடையாள அட்டையை மேல் பையிலேயே வைத்திருங்கள். பாதையை நம்பி நேரம் குறிக்காதீர்கள், எப்போதும் இரண்டு மணி நேரம் கூட்டிப் போடுங்கள். கிண்ணியாத் துறையடியில் இறால் வடை ஐந்து ரூபா, தலையோடு. தொழில் காரியமாகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தரம், தடயம், படிவம் எல்லாம் கேளுங்கள். இன்றைய சந்தை அதைத்தான் கேட்கிறது. ஆனால் அவர்கள் திருப்பிக் கேட்கும் ஒரு கேள்விக்கும் பதில் கொண்டு போங்கள். நான் கொண்டு போகவில்லை.

இந்தப் பதிவை எழுதிக்கொண்டிருந்தபோது இங்க்ரிட்டிடம் இருந்து பக்ஸில் ஒரு கடிதம் வந்தது. வாசித்துவிட்டு உடனே கிண்ணியாக் கடைக்கு எடுத்தேன். இருபது நிமிடத்தில் மூவரும் வந்துவிட்டார்கள். அடுத்த இரண்டு வருடம், ஒவ்வோர் ஆவணியும், நாலு கடைகளில் மட்டும், பொதியில் உப்பாறு என்று பெயர் போட்டு விற்பார்கள்; விலையை இப்போதே எழுதித் தருவார்கள்; அக்கம்பக்கத்தில் கைவிட்ட குளங்களில் குறைந்தது நாலு இதே மாதிரிக் கொப்பியோடு சேர வேண்டும். டீச்சருக்கு வாசித்தேன். அவர் ரிசீவரை ஜவ்பர் நானாவிடம் கொடுத்தார். அவருக்கும் வாசித்தேன். அவர் அதைக் கடையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார்.

கடைசியாகத் தங்கராசா அண்ணை வாங்கினார். “தங்கச்சி,” என்றார், “எனக்கும் ஒருக்கா வாசியுங்கோ. ஆறுதலா.”